இரண்டு போர்ட்டும் முந்நூறு வாக்கியங்களும்

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டி இரண்டு கிலோ கூடுதலாக இருப்பதாகத் தராசு காட்டியது. உள்ளே அம்மா தன் தம்பிக்குக் கொடுத்தனுப்பிய சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், ஒரு ஜாடி மாவடு, நான்கு வட்டு கருப்பட்டி. இவற்றில் எதையாவது விட்டுவிட்டுப் போனால் அம்மா ஆறு மாதம் என்னோடு பேசமாட்டாள். கருப்பட்டியையும் வற்றலையும் கைப்பைக்கு மாற்றினேன். கைப்பையில் இடம் வேண்டுமே. ஒயர்கள் அடைத்த கறுப்புப் பையை உருவி, காவலரைக் கெஞ்சி, வாசலுக்கு வெளியே நின்றிருந்த என் தம்பியிடம் கொடுத்தேன்.

“இது வேணாமாக்கா?” என்றான்.

“ஒயருதானடா. அங்க வாங்கிக்கிறேன்.”

அந்தப் பையில்தான் எல்லாம் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். மலேசியாவில் கிடைக்காத ஒயரா என்ற திமிரில் கொடுத்தேன்.

நான் மதுரையில் ஒலிப்புத்தகம் பதிவு செய்கிறவள். சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு சின்ன அறை, இரண்டு மைக், பத்து வருஷ அனுபவம். கிள்ளானில் இருக்கும் மணியம் மாமா என் அம்மாவின் தம்பி. அம்மா அங்கே பிறந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாமா பகலில் லோரி ஓட்டினார், வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் எம்சி. கிள்ளானில் முப்பது வருஷமாக எந்த மணப்பெண் மேடையேறினாலும் அவர் குரல்தான் அவளைக் கூப்பிட்டிருக்கும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அந்தக் குரல்வளையில் புற்றுநோய். வியாழக்கிழமை அறுவை. அதற்குப் பிறகு மாமாவுக்குக் குரல் இருக்காது.

ஒரு நிறுவனம் இருக்கிறது. முந்நூறு வாக்கியங்களைச் சுத்தமாகப் படித்து அனுப்பினால், அதே குரலைக் கணினியில் செய்து தருகிறார்கள். பிறகு போனில் தட்டச்சு செய்தால் போதும், போன் அவர் குரலில் பேசும். மாமாவின் கல்யாண வீடியோக்கள் கொள்ளை கொள்ளையாக இருந்தாலும், எல்லாவற்றிலும் பின்னால் மேளம். அதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மாமாவின் மகள் கவிதா என்னைக் கூப்பிட்டாள். “நீங்க வந்து எடுத்தா சரியா வரும்கா.” ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதனால்தான் கிளம்பினேன்.

திங்கள் சாயங்காலம் கோலாலம்பூர். அன்று மாமாவுக்கு ஸ்கேன் இருந்ததால், இரவு பிரிக்பீல்ட்ஸில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் கிள்ளானுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தெரு முழுக்க மல்லிகைச் சரம், பட்டுப்புடவை, பக்திப் பாட்டு. மதுரையில் ஒரு தெருவைத் தூக்கி வந்து, குப்பையை மட்டும் விட்டுவிட்டு வைத்த மாதிரி இருந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய அக்கா நான் கேட்காமலே நண்டுக் குழம்பு ஊற்றினாள். “இண்டியாலேர்ந்து வந்திருக்கீங்களா? சோறு இன்னும் போடவா?” என்றாள். நன்றாகச் சாப்பிட்டேன். என் பயணத்தில் கடைசியாக நிம்மதியாகச் சாப்பிட்டது அதுதான்.

செவ்வாய் காலை மடிக்கணினியைத் திறந்து மைக்கை எடுத்தபோதுதான் அதைச் சொருக இடமில்லை என்று உறைத்தது. மூன்று மாதம் முன்பு வாங்கிய கணினி. கடைக்காரர் அதை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார். நானும் வாங்கி அதே மாதிரி இரண்டு விரலில் எல்லோருக்கும் காட்டினேன். என் பழைய கணினி செங்கல் கனம். ஆனால் அதில் மூன்று யூஎஸ்பி, ஹெட்போன் ஓட்டை, கார்டு சொருகும் வாய், எல்லாம் இருந்தது. புதியதில் இரண்டே இரண்டு சி போர்ட். ஒன்றில் சார்ஜரைச் சொருகினால் மிச்சம் ஒன்று. ஹெட்போனுக்கு இடமே கிடையாது. என் மைக்கோ பழைய அகல முனை. இவையெல்லாவற்றையும் சேர்த்து மாட்டும் பெட்டி, திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

விடுதிக்குக் கீழே, பூக்கடைக்கும் ஜோசியக்காரருக்கும் நடுவில், போன் சாமான் விற்கும் ஒரு தட்டிக்கடை. கடைக்காரரிடம் மைக்கின் முனையைக் காட்டினேன்.

“இருக்கு அக்கா. இந்தா, அகலத்தைச் சின்னதாக்குறது” என்று கட்டைவிரல் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார்.

“எல்லாம் சேர்ந்த பெட்டி இல்லையா?”

“முடிஞ்சிருச்சு லா. வெள்ளிக்கிழமை வரும். ஹெட்போனுக்கு மாட்டுறது வேணுமா?”

வேண்டும். ஆனால் எங்கே சொருகுவது? ஒரு போர்ட்டில் மைக், ஒரு போர்ட்டில் சார்ஜர். பதிவு செய்யும்போது இந்தக் கணினியின் பேட்டரி ஒன்றரை மணிநேரம் தாண்டாது. மெலிவாக இருக்க வேண்டும் என்று பேட்டரியையும் மெலியவைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காதில் கேட்காமல் பதிவு செய்வது, உப்பு பார்க்காமல் கல்யாணத்துக்குச் சமைப்பது போல. பத்து வருஷத்தில் ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை.

அந்தப் பதற்றத்தில் ஸ்டேஷனுக்கு ஓடி, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். பெண்களுக்கான பெட்டி, குளுகுளுவென்று. எதிரில் இருந்த ஆன்டி மடியில், கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய நாசி லெமாக் பொட்டலம் தேங்காய்ப்பால் சோற்று வாசனையடித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணிநேரம் கழித்து, “கிள்ளான் இன்னும் எத்தனை ஸ்டேஷன் ஆன்டி?” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அலாமாக்! இது பத்துமலை போவுது மா. கிள்ளான் அந்தப் பக்கம் லா.”

கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே வந்தால் மலை. மழை கொட்ட ஆரம்பித்தது. அடுத்த ரயில் எப்போது என்று காவலரிடம் ஆன்டியே மலாயில் கேட்டுச் சொன்னார்: “மழை விட்டாத்தான் தெரியும்ங்கிறாரு. முருகன் கூப்பிட்டிருக்காரு போல, பாத்துட்டுப் போ.” எனக்கு முருகனைப் பார்க்கும் மனநிலை இல்லை. மாமாவுக்குக் குரல் இருக்கப்போவது இன்னும் ஒன்றரை நாள். அதில் அரை நாளை நான் தப்பான திசையில் ஓட்டிவிட்டேன். கூரைக்கடியில் நின்று, தூரத்தில் முருகன் சிலையின் கையில் தெரிந்த வேலைப் பார்த்து, “எனக்கு ஒண்ணும் வேணாம், அந்தக் குரலை மட்டும் எடுத்துக்கொடுத்துடு” என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். ஆன்டி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மாமா கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். குரல் கரகரவென்று, சரளைக் கல்லில் வண்டி போகிற மாதிரி வந்தது. ஆனாலும் அது அவர் குரல்தான். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்லும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“இதோ… மதுரையிலிருந்து… நம்ம பிள்ளை… வந்தாச்சு!” என்று கேட்டிலேயே அறிவித்தார்.

“பேசாதீங்கங்க, டாக்டர் என்னா சொன்னாரு” என்றாள் பார்வதி அத்தை. நான் பெட்டியையும் கைப்பையையும் திறந்து வற்றலையும் மாவடுவையும் அடுக்கினேன். அத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், “மாமாவுக்கு இப்போ கஞ்சி மட்டும்தான் மா. காரம், புளி, ஒண்ணும் தொடக்கூடாது.” எந்தச் சாமானுக்காக என் ஒயர்ப் பையைத் திருப்பி அனுப்பினேனோ, அந்தச் சாமான் எல்லாம் அப்படியே அலமாரி மேல்தட்டுக்குப் போயிற்று.

புதன் காலை மாமாவின் படுக்கையறையில் ஆரம்பித்தோம். மேசை இல்லாததால் இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் கணினியையும் மைக்கையும் வைத்தேன். ஜன்னலை அடைத்தேன். கிள்ளான் வெயிலில் அறை வெந்தது. மாமாவுக்கு மூச்சு வாங்கியதால் காற்றாடியை மட்டும் மெதுவாக ஓட விட்டேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டாள். “ஏம்மா இவ்வளவு சூசா, இவ்வளவு கஷ்டம்? போன்லயே எடுக்கலாம்ல? கவிதா நல்ல போன் வச்சிருக்கா.”

“போன்ல தரம் வராது அத்தை” என்றேன். தொழில் தெரிந்தவளின் குரலில் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் சில வாக்கியங்களை எடுத்து, கணினியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். மெல்லிய கணினிக்கு மெல்லிய சத்தம். ஆனாலும் நன்றாக வந்திருந்தது. தொடர்ந்தோம். நிறுவனம் அனுப்பிய வாக்கியங்கள் ஒரே கூத்து. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ ‘கதவை மூடுங்கள்.’ ‘இன்று பேருந்து தாமதமாக வந்தது.’ மாமா ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை ஊர்வலம் அறிவிக்கிற மாதிரி படித்தார். “எனக்குத்… தண்ணீர்… வேண்டும்!” கவிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் சிரித்துவிட்டேன்.

பதினோராவது வாக்கியம் முடிந்ததும் அத்தை பார்லித் தண்ணீர் கொண்டுவந்து இஸ்திரிப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். பலகை ஆடியது. தட்டிக்கடையில் வாங்கிய அந்தக் கட்டைவிரல் சாமான் போர்ட்டில் லேசாக அசைந்தது. மைக்கின் பச்சை விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. நான் பார்த்தேன். திரையில் பதிவின் அலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் மாமா கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிட்டேன். காதில் ஹெட்போன் இருந்திருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வரை படித்தார். நடுநடுவே இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி படித்தார். முந்நூறாவது வாக்கியம் முடிந்ததும் நான் நிறுத்தப் போனேன். மாமா கையைக் காட்டி இரு என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கவிதாவை அறைக்கு வெளியே போகச் சொன்னார்.

“பெரியோர்களே, உறவினர்களே… முப்பது வருஷமா உங்க வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் நான் மேடைக்குக் கூப்பிட்டிருக்கேன். இன்னைக்கு… என் பிள்ளையைக் கூப்பிடறேன். கவிதா… வா மா.”

தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். “கல்யாணத்தன்னைக்கு இதப் போடணும். அவளுக்குச் சொல்லாதே.” ஸ்பீக்கரில் போட்டால் கவிதா காதில் விழும் என்று பதிவை நான் கேட்டுப் பார்க்கவில்லை. அன்று இரவு முழுக்க மாமா பேசவில்லை. தொண்டை வலி. அத்தை என்ன கேட்டாலும் கையாலேயே பதில் சொன்னார். தன் குரலோடு இருந்த கடைசி நாளில் அவர் அத்தையோடு பேசியது பத்து வார்த்தை இருக்காது. எல்லாவற்றையும் என் மைக்குக்குக் கொடுத்துவிட்டார்.

வியாழன் காலை மருத்துவமனை. சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அத்தையைத் திரும்பிப் பார்த்து, “போயி பசியாறு” என்றார். அவ்வளவுதான். கதவு மூடியது.

ஆறு மணிநேரம் ஆகும் என்றார்கள். கோப்புகளை அன்றே அனுப்பிவிடலாம் என்று நான் பக்கத்துக் கடைத்தொகுதிக்குப் போனேன். அங்கே ஒரு சீனர் கடையில் ஹெட்போன் மாட்டும் சின்ன ஒயர் கிடைத்தது. கடைக்காரர் என் கணினியைப் பார்த்து ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டார்: “எல்லாத்தையும் உள்ளேயிருந்து பிடுங்கிட்டு, ஒவ்வொண்ணா வெளியே விக்கிறாங்க. அதை நாங்க விக்கிறோம்.” அங்கேயே நின்று, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

முதல் பதினோரு வாக்கியம் தங்கம். மாமா காதுக்குள்ளேயே பேசினார். பன்னிரண்டாவதிலிருந்து வேறு சத்தம். மைக் கழன்ற அந்தக் கணத்தில், கணினி என்னைக் கேட்காமலே தன் உடம்பில் இருக்கும் பொடி மைக்குக்கு மாறிவிட்டிருக்கிறது. பச்சை விளக்குக்கும் பதிவுக்கும் அதற்குப் பிறகு சம்பந்தமே இல்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொடி மைக்குக்கு இரைச்சலைத் தானாகவே அழிக்கும் புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. காற்றாடியின் சத்தத்தை அழித்துவிட்டது. மாமாவின் கரகரப்பையும் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டது.

ஒவ்வொரு வாக்கியத்திலும் தலையோ வாலோ மட்டும் இருந்தது. நடுவில் துடைத்துப்போட்ட மௌனம். அறைக்கு வெளியே அத்தை பேசியது மட்டும் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. “கவிதா, சோறு பொங்கியாச்சா பாரு.” கடைசிப் பதிவுக்கு ஓட்டினேன். ‘பெரியோர்’ என்று ஆரம்பித்தது. பிறகு ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. ‘…வா மா’ என்று முடிந்தது. அதில் கவிதாவின் பெயர்கூட இல்லை.

கடைக்காரர் என்னவோ கேட்டார். மருத்துவமனைக்கு ஓடினால் அறுவையை நிறுத்திவிடுவார்களா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மணி பதினொன்று. மாமாவின் கழுத்தை அறுத்து மூன்று மணிநேரம் ஆகியிருந்தது.

கவிதாவிடம் அன்றே சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்க மேல தப்பு இல்லக்கா” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பிப் பார்த்தோம். மறுநாளே பதில் வந்தது: வருந்துகிறோம், குரல் செய்வதற்குப் போதாது. அத்தையின் போன் யோசனையை யாரும் நினைவுபடுத்தவில்லை. அத்தையும் நினைவுபடுத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய். அதன் வழியாகத்தான் சாப்பாடு, தண்ணீர் எல்லாம். அத்தை நர்ஸிடம் ஏதோ கேட்க வெளியே போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் மாமாவின் கண் மலர்ந்தது. மடியில் இருந்த சிறிய வெள்ளைப் பலகையில் எழுதினார்: ‘சரியா வந்துச்சா?’

வந்தது மாமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆவணியில் மண்டபத்தில் அவர் தன் குரலுக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சி, கறுப்புப் பை, தட்டிக்கடை, பச்சை விளக்கு. பதினோரு வாக்கியம்தான் மாமா மிச்சம் என்றேன். கவிதாவைக் கூப்பிட்டது போய்விட்டது என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு பலகையை அழித்துவிட்டு ஒரே சொல் எழுதினார்: ‘போடு.’

கணினியை அவர் காலடியில் திறந்தேன். எதைப் போடுவது என்று யோசிக்கக்கூட இல்லை, முதலில் இருந்ததைத் தட்டினேன்.

“எனக்குத்… தண்ணீர்… வேண்டும்!”

அறை முழுக்க மாமாவின் குரல். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை கையில் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடிவந்தாள். “இதோ வந்துட்டேங்க, இந்தாங்க, தண்ணி…” என்றவள் குழாயைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

மாமாவின் தோள்கள் குலுங்கின. கண்ணை இறுக மூடியிருந்தார். வாய் திறந்திருந்தது. அவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்கும் தெரியவில்லை, முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த அத்தைக்கும் தெரியவில்லை. கொஞ்சம் சத்தம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.